மூன்றாம் ரகம் போதும்!

இரவு மணி ஒன்பது. ஆபீஸில் எல்லோரும் கிளம்பியாச்சு. நீங்கள் மட்டும் நாளைக்குக் கொடுக்கவேண்டிய ரிப்போர்ட்டை ஏழாவது தடவையாகத் திருத்திக்கொண்டிருக்கிறீர்கள். தலைவலி, வயிற்றெரிச்சல், வீட்டிலிருந்து மூன்று மிஸ்டு கால். ‘இன்னும் கொஞ்சம் பார்த்துட்டா பர்ஃபெக்ட்டா வந்துடும்!’

உங்களுக்கு ஒருவரை அறிமுகப்படுத்துகிறேன். ராபர்ட் வாட்சன்-வாட்.

1935. ஹிட்லர் விமானப்படையைப் பெருக்கிக்கொண்டிருந்த சமயம். எதிரி விமானத்தைப் பொசுக்க ‘மரணக் கதிர்’ செய்யமுடியுமா என்று, ரேடியோ ஆராய்ச்சி நிலையத் தலைவரான வாட்சன்-வாட்டிடம் கேட்டது பிரிட்டிஷ் விமான அமைச்சகம். உதவியாளர் அர்னால்ட் வில்கின்ஸ் கணக்குப் போட்டுப் பார்த்தார். சான்ஸே இல்லை. ஆனால், விமானத்தில் பட்டுத் திரும்பும் அலையை வைத்து அது எங்கே வருகிறது என்று கண்டுபிடிக்கலாமே?

பிப்ரவரி 26. டாவென்ட்ரி அருகே, பி.பி.சி. ஒலிபரப்பிக்கொண்டிருந்த சிற்றலையையே கடன் வாங்கிச் சோதித்தார்கள். 8 மைல் தூரத்தில் பறந்த ஹேஃபோர்டு குண்டுவீச்சு விமானம் கருவியில் தெரிந்தது. பிரிட்டனின் ரேடார் பிறந்த கதை இதுதான்.

அலைநீளம் குறையக் குறையத் துல்லியம் கூடும். (பி.காம். படித்த எனக்கே புரிகிறது!) ஆனால், சென்டிமீட்டர் கணக்கிலான அலையைப் போதிய பலத்தோடு உண்டாக்கும் வால்வு அப்போது கிடையாது. அதற்காகக் காத்திருக்கவில்லை வாட்சன்-வாட். ஆகச் சிறந்தது என்றைக்குமே கைக்கு வராது, அதற்கு அடுத்தது காரியம் கெட்டபிறகு வரும், ஆகவே மூன்றாம் ரகத்தைக் கொடுத்து வேலையை ஆரம்பி என்பது அவர் கட்சி.

அப்படி எழுந்ததுதான் ‘செயின் ஹோம்’. கிழக்கு, தெற்குக் கடற்கரை நெடுக 360 அடி இரும்புக் கோபுரங்கள். கடல் பக்கம் மட்டும்தான் பார்க்கும். தாழப் பறந்தால் கோட்டை விட்டுவிடும். எத்தனை விமானம், எவ்வளவு உயரம் என்பதெல்லாம் உத்தேசம்தான். ஜெர்மனியின் ‘ஃப்ரேயா’ ரேடார் இதைவிட எவ்வளவோ நேர்த்தி!

ஓட்டைகளை என்ன செய்தார்கள்? தாழப் பறப்பவற்றுக்கு 1939-ல் தனி ரேடார் சேர்த்தார்கள். கரையைத் தாண்டி உள்ளே வந்துவிட்டால், பைனாகுலரும் டெலிபோனுமாக உட்கார்ந்திருந்த கண்காணிப்புப் படை பார்த்துக்கொண்டது. ரேடார் தகவலெல்லாம் பென்ட்லி பிரையரி தலைமையகத்தில் சலிக்கப்பட்டது. உங்கள் ரிப்போர்ட்டிலும் ஓரத்தில் ‘இந்தத் தொகை உத்தேசம்’ என்று ஒரு வரி எழுதிவிட்டு லைட்டை அணைக்கலாம், தப்பில்லை.

1940 கோடையில் ஜெர்மன் விமானங்கள் அலை அலையாக வந்தன. பிரிட்டனிடம் இருந்த விமானங்களும் கொஞ்சம், விமானிகளும் கொஞ்சம். நாள் முழுக்க வானத்தில் ரோந்து சுற்றியிருந்தால் களைத்தே விழுந்திருப்பார்கள். கோபுரம் சொன்னபிறகு கிளம்பினால் போதும் என்றிருந்ததால் தாக்குப்பிடித்தார்கள்.

அந்தச் சிறந்த வால்வு? வந்தது. 1940 பிப்ரவரியில் பர்மிங்ஹாம் பல்கலைக்கழகத்தில் ராண்டல், பூட் என்ற இருவர் புதுவகை மேக்னட்ரானை இயக்கிக் காட்டினார்கள். அதை வைத்துச் செய்த ரேடார் போர்க்கப்பலில் ஏறியது 1941-ல். பிரிட்டன் வானத்துச் சண்டை அதற்கு முந்தின அக்டோபரிலேயே முடிந்துவிட்டது.