செஞ்சிக்கு ஒரு சீட்டு

செஞ்சி என்று ஊர்ப்பெயர் அச்சிட்ட ரயில் டிக்கெட் இதுவரை யார் கைக்கும் வந்ததில்லை. திண்டிவனத்திலிருந்து செஞ்சி வழியாகத் திருவண்ணாமலைக்குச் சுமார் 70 கிலோமீட்டர் புதிய பாதை போடுவதாக 2006–07 ரயில்வே பட்ஜெட்டில் சேர்த்தார்கள். அதன்பிறகு ஊரின் பெயர் கோரிக்கை மனுக்களில் வருகிறது, அறிவிப்புகளில் வருகிறது, ரயில்தான் வரவில்லை. ஆகவே ரயிலில் கிளம்புகிறவர் திண்டிவனம் வரை ஒரு சீட்டு, அங்கிருந்து ஏறக்குறைய 28 கிலோமீட்டர் பஸ்ஸுக்கு இன்னொரு சீட்டு, செஞ்சிக் கோட்டை வாசலில் தொல்லியல் துறையின் மூன்றாவது சீட்டு என்று வாங்கிக்கொண்டு போக வேண்டும். ஒன்றுக்கொன்று ஒட்டு உறவில்லாத மூன்று துண்டுகள். ரயில் தாமதமானால் பஸ் காத்திருக்காது. பஸ் தாமதமானால் வெயில் காத்திருக்காது.

இந்தத் துண்டுகளை ஒன்றாகச் சேர்த்து ஒரே சீட்டாகத் தருகிறேன், இடையில் எது அறுந்தாலும் என் பொறுப்பு என்று சொல்லிப் பிழைக்கிறவர்தான் டிராவல்ஸ்காரர். அந்தச் சேர்த்துக் கட்டிய சீட்டு எங்கே பிறந்தது, யார் யார் கையில் வளர்ந்தது என்று பார்த்தால், நாமே திட்டம் போடுவதா அவரிடம் விடுவதா என்ற கேள்வியும் கூடவே நடந்து வருகிறது.

நம் பக்கத்தில் அது முதலில் தபால் ஆபீசில்தான் இருந்தது. கம்பெனி ஆட்சிக்காலத்தில் பல்லக்கில் தூரப் பயணம் போக விரும்பிய துரை, சில நாள் முன்பாகவே தபால் அதிகாரிக்கு எழுதிப்போட வேண்டும். எந்த நாள், எத்தனை மணிக்கு, எந்தெந்த இடத்தில் தங்கல் என்று குறித்துப் பணமும் கட்டினால், வழி நெடுக ஆள் ஏற்பாடாகும். வழக்கமாக ஒரு பல்லக்குக்கு எட்டுத் தூக்கிகள், தீவட்டிக்காரர்கள், பெட்டி சுமக்கக் காவடியாட்கள். சில மைலுக்கு ஒருமுறை புது ஆட்கள் தோள் மாற்றுவார்கள். பயணி தானே தாமதம் செய்தால் ஈடுகட்ட முன்பணமும் பிடித்து வைத்தார்கள். இன்றைய கேன்சலேஷன் கட்டணத்துக்கு அவ்வளவு வயது! ஊருக்குப் புதிய வெள்ளைக்காரருக்கு வீடு, வேலைக்காரர், வண்டி என்று மற்றதையெல்லாம் பேசிமுடித்துத் தன் பங்கையும் எடுத்துக்கொண்டவர் துபாஷி.

உள்ளூர்க்காரருக்கு இது எதுவும் கிடையாது. அவருக்குச் சத்திரம், சாவடி, கட்டுச்சோறு. அந்த வகையில் தானே திட்டமிட்ட பயணத்துக்குச் சென்னை தந்த பெரிய உதாரணம் ஏனுகுல வீராசாமி. சென்னை சுப்ரீம் கோர்ட்டில் மொழிபெயர்ப்பாளராக இருந்தவர், 1830 மே மாதம் சுமார் நூறு பேரைக் கூட்டிக்கொண்டு காசிக்குக் கிளம்பி 1831 செப்டம்பரில் திரும்பினார். எந்த ஊரில் சத்திரம் உண்டு, எங்கே தண்ணீர் நல்லது, எங்கே சாமான் கிடைக்கும், எந்த ஆற்றை எப்படிக் கடப்பது என்று வழி முழுதும் தெலுங்கில் எழுதிவைத்தார். 1838-இல் அது புத்தகமாயிற்று. தானே அலைந்து தெரிந்துகொண்டதை அடுத்தவருக்கு எழுதிவைப்பவர் ஒருவகையில் சம்பளமில்லாத ஏஜென்ட்தான். பின்னாளில் தமிழில் ஏ.கே. செட்டியார் தாமும் உலகம் சுற்றி, பழைய பயணக் கட்டுரைகளையும் தேடித் தொகுத்தாரே, அவரும் அந்த வரிசைதான்.

சீட்டு வியாபாரமானது இங்கிலாந்தில். மதுவிலக்குப் பிரசாரகரான தாமஸ் குக் 1841 ஜூலை 5-ஆம் தேதி லெஸ்டரிலிருந்து லஃபரோவுக்குத் தனி ரயில் பேசி, தலைக்கு ஒரு ஷில்லிங் வாங்கி, சுமார் 500 பேரை மதுவிலக்குக் கூட்டத்துக்கு அழைத்துப்போய்த் திருப்பிக் கொண்டுவந்தார். சாராயக் கடைக்குப் போகிறவர்களை வேறு பக்கம் திருப்பத் தொடங்கிய வேலை குடும்பத் தொழிலானது. அவர் கண்டுபிடித்தது பயணத்தை அல்ல, கூப்பனை. ரயிலுக்கு, ஹோட்டல் அறைக்கு, சாப்பாட்டுக்கு என்று முன்கூட்டியே பணம் கட்டிய தாள்கள். பாஷை தெரியாத ஊரில் பேரம் பேசாமல் ஒரு தாளைக் கிழித்து நீட்டினால் காரியம் முடிந்தது. 1872–73-இல் குக் ஒரு கூட்டத்தோடு உலகத்தையே சுற்றி வந்தார், 222 நாளில். இந்தியாவும் வழியில் இருந்தது. 1881-இல் பம்பாயில் அவர் நிறுவனத்தின் அலுவலகம் திறந்தது. அதற்குச் சில ஆண்டுகளில் இந்திய அரசு ஹஜ் பயணிகளைக் கப்பலேற்றும் பொறுப்பையும் அந்த நிறுவனத்திடம் கொடுத்தது. வருமானம் கட்டுப்படியாகவில்லை, 1890களில் அது விலகிக்கொண்டது. யாத்ரீகர் கூட்டம் உல்லாசப் பயணிகளைப் போலக் கூப்பனுக்கு அடங்காது என்று தெரிந்துகொள்ள அவ்வளவு காலம் பிடித்திருக்கிறது.

குக் முதல் ரயில் பேசிய காலத்தை ஒட்டித் தாமஸ் எட்மண்ட்சன் என்ற ஸ்டேஷன் குமாஸ்தா, கையால் எழுதிய சீட்டுக்குப் பதிலாக வரிசை எண் போட்ட சின்ன அட்டை டிக்கெட்டையும் அதில் தேதி குத்தும் கருவியையும் கொண்டுவந்தார். கணக்கில் ஏமாற்ற முடியாதபடி செய்த ஏற்பாடு. நடுத்தர வயதுக்காரர்கள் விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் அந்த அட்டையைக் கையில் பிடித்திருப்பார்கள்.

தமிழ்நாட்டு டிராவல்ஸ்காரரின் கதை எழும்பூரில் தொடங்குகிறது. திருச்செந்தூரிலிருந்து பிழைப்புத் தேடிச் சென்னை வந்த வி.கே.டி. பாலன் எழும்பூர் ரயில் நிலையத்தில் படுத்துக் கிடந்தவர். அமெரிக்கத் தூதரகத்தின் முன் விசாவுக்கு விடிய விடிய நிற்கும் வரிசையில் இடம்பிடித்து, காலையில் வருகிறவருக்கு விட்டுக்கொடுத்தால் காசு கிடைத்தது. அங்கிருந்து டிராவல்ஸ் அலுவலகங்களில் பழக்கம், பிறகு சொந்தமாக மதுரா டிராவல்ஸ். 2024 நவம்பரில் காலமாகும் வரை தமிழ்நாட்டில் அந்தத் தொழிலின் முகமாக இருந்தார். அவர் முதன்முதலில் விற்றது டிக்கெட் அல்ல, காத்திருப்பு. ஏஜென்டுகள் எல்லாருமே கடைசியில் விற்பது அதைத்தான் என்று எனக்குத் தோன்றுகிறது: நீங்கள் நிற்க வேண்டிய வரிசையில் அவர் நிற்கிறார்.

வரிசை ஒழிந்தால்? 1986-இல் டெல்லியில் ரயில் முன்பதிவு கம்ப்யூட்டருக்கு மாறியது. 2002 ஆகஸ்டில் ஐ.ஆர்.சி.டி.சி. இணையத்தில் டிக்கெட் விற்கத் தொடங்கியபோது அச்சடித்த சீட்டு கூரியரில் வீடு தேடி வந்தது; பிறகு நாமே அச்சடித்துக்கொண்டோம்; பிறகு போனில் வந்த எஸ்எம்எஸ்ஸே சீட்டாகிவிட்டது. விமான நிறுவனங்களோ ஏஜென்டுக்குக் கொடுத்த கமிஷனைக் குறைத்துக் குறைத்து அறவே நிறுத்தின. தொழில் முடிந்தது என்று பலர் எழுதினார்கள். முடியவில்லை. வரிசை தெருவிலிருந்து திரைக்குள் போயிற்று, அவ்வளவுதான். தட்கல் திறந்த சில நொடிகளில் இடம் காலியாவதைப் பார்த்து, 2025 ஜூலையிலிருந்து முதல் அரைமணி நேரம் ஏஜென்டுகள் தட்கல் எடுக்கக் கூடாது என்று ரயில்வே தடை போட வேண்டியிருந்தது. இன்னொரு வேடிக்கை: ஏஜென்டுக்கு வேலையில்லாமல் செய்த அதே ஐ.ஆர்.சி.டி.சி. இப்போது பாரத் கௌரவ் ரயில்களில் சாப்பாடு, தங்கல், கோயில் தரிசனம் எல்லாம் சேர்த்து யாத்திரை விற்கிறது. சேர்த்துக் கட்டிய சீட்டு முதலாளியை மாற்றிக்கொண்டதே தவிரச் சாகவில்லை.

அதன் பலவீனம் தெரிந்த நாள் 2019 செப்டம்பர் 23. பிரிட்டனின் தாமஸ் குக் நிறுவனம் திவாலானது. அந்த நாட்டுப் பயணிகள் மட்டும் சுமார் ஒன்றரை லட்சம் பேர் வெளியூர்களில் நின்றார்கள். ஒரே கயிற்றில் எல்லாவற்றையும் கட்டினால் கயிறு அறும்போது எல்லாம் சேர்ந்தே விழும். ஆனால் அவர்களை ஊர் சேர்த்ததும், முழுப் பயணமாக விற்ற சீட்டுக்கு அந்த நாடு முன்பே கட்டாயப்படுத்தியிருந்த பாதுகாப்பு நிதியும் அரசும்தான். (இந்தியாவில் அதே பெயரில் இயங்குவது வேறு உரிமையாளரின் நிறுவனம், அதற்கு ஒன்றும் ஆகவில்லை.) நம் ஊரிலும் முழுப் பயணத்தை ஒருவரே விற்றிருந்தால், 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி மாவட்ட ஆணையத்தில் அவர் ஒருவரையே கேட்கலாம். தனித்தனியாக வாங்கியவர் ஹோட்டலோடு தனியாக, வண்டிக்காரரோடு தனியாக மல்லுக்கு நிற்க வேண்டும். அதனால்தான் ரசீது கொடுக்காத டிராவல்ஸ்காரரை நான் டிராவல்ஸ்காரராகவே கணக்கில் சேர்ப்பதில்லை.

இப்போது சீட்டைச் செஞ்சிக்குக் கொண்டுபோவோம். இந்தக் கோட்டைக்கு வந்தவர்களில் மிகச் சிக்கலான பயணத் திட்டம் ராஜாராமுடையது. 1689-இல் முகலாயப் படை துரத்த, சிவாஜியின் இளைய மகன் பன்ஹாலாவிலிருந்து யாத்ரீகர் வேடத்தில் நழுவி, கேளடி ராணி சென்னம்மாவின் நாட்டு வழியே ஒளிந்து வந்து செஞ்சி சேர்ந்தார். முன்பதிவு இல்லை, ஆனால் வழியில் உதவ ஒரு ராணி இருந்தாள். பிறகு முகலாயத் தளபதி ஜுல்ஃபிகர்கான் முற்றுகையிட்டு 1698-இல்தான் கோட்டையைப் பிடிக்க முடிந்தது. அதற்குள் ராஜாராம் தப்பிவிட்டார். அந்த மராட்டிய ஆண்டுகளின் பலனாகத்தான் 2025 ஜூலையில் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்த 12 மராட்டியக் கோட்டைகளில் மகாராஷ்டிரத்துக்கு வெளியே உள்ள ஒரே கோட்டையாகச் செஞ்சி இடம்பெற்றது.

பட்டியலில் சேர்ந்ததும் பேக்கேஜ்காரர்களின் தாளிலும் செஞ்சி ஏறிவிட்டது. பெரும்பாலும் புதுச்சேரிக்கும் திருவண்ணாமலைக்கும் நடுவில், ‘வழியில் செஞ்சிக் கோட்டை’ என்று. நெடுஞ்சாலையே கோட்டையின் ராஜகிரி, கிருஷ்ணகிரி மலைகளுக்கு இடையில் போவதால் வண்டியை நிறுத்துவது சுலபம். இறங்கி, கல்யாண மகால், களஞ்சியம், யானைக் குளம் பார்த்து, கீழேயே நாலு படம் எடுத்துக்கொண்டு ஏறிவிடலாம். ஆனால் ராஜகிரி சுமார் 800 அடி. உச்சியை நெருங்கும்போது மலை பிளந்து கிடக்கும் 24 அடி அகலப் பள்ளத்தை மரப்பாலத்தில் தாண்டித்தான் மேல்கோட்டைக்கும் ரங்கநாதர் கோயிலுக்கும் போக முடியும். ஏறி, பார்த்து, இறங்க அரைநாள் வேண்டும். மாலை நெருங்கினால் ஏறவும் விடமாட்டார்கள். வழியில் நிழல் குறைவு. தண்ணீர் கையில் இருக்க வேண்டும். தின்பண்டப் பை கையில் இருந்தால் குரங்கும் கூட வரும். இந்த அரைநாளை ஒரே நாளில் மூன்று ஊர் காட்டும் எந்தத் தாளும் தாங்காது. இங்கே டிராவல்ஸ்காரர் சேர்த்துக் கட்டுவதற்கு அதிகம் இல்லை, வெட்டுவதற்குத்தான் இருக்கிறது.

ஆகவே செஞ்சிக்கு மட்டும் போகிறவர் தானே கிளம்புவதே மேல். சென்னையின் கிளாம்பாக்கம் பஸ் நிலையத்தில் திருவண்ணாமலை பஸ் எல்லாமே செஞ்சி வழி போவதில்லை. வந்தவாசி வழி போவதும் உண்டு. கேட்டு ஏற வேண்டும். அதைவிட முக்கியம், போன் காட்டும் வரைபடத்துக்குத் தெரியாத ஒன்று. இந்தச் சாலையின் கூட்டத்தைத் தீர்மானிப்பது நிலா. பௌர்ணமிக்குத் திருவண்ணாமலை கிரிவலம். நடுவழியில் இறங்குகிறவரை ஏற்றக் கண்டக்டர் யோசிப்பார். அமாவாசை இரவு மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு ஊஞ்சல் உற்சவம். செஞ்சி பஸ் நிலையத்தில் கால் வைக்க இடம் இருக்காது. ‘வார இறுதி, மிதமான போக்குவரத்து’ என்று திரை சொன்னதை நம்பி வந்து அமாவாசையில் மாட்டிக்கொண்டவர்கள் உண்டு. இந்த விஷயத்தில் திண்டிவனத்து வேன்காரர் எந்தச் செயலியையும்விட மேல். தேதியைச் சொன்னால் நாட்காட்டியைக்கூடப் பார்க்காமல் சொல்வார்.

ஆனால் வயதான பெற்றோரைக் காசிக்கு அழைத்துப்போவது, பாஷை தெரியாத நாட்டுக்கு விசாவோடு போவது, முப்பது பேர் கொண்ட குலதெய்வப் பயணம் இவற்றுக்கெல்லாம் நான் தயங்காமல் டிராவல்ஸ்காரரைத்தான் சொல்வேன். சமையல்காரரோடு யாத்திரை கூட்டிப்போகிறவர்கள் நம் ஊர்களில் இருக்கிறார்கள். காய்ச்சல் வந்தவருக்கு ரசம் வைத்துக் கொடுப்பது எந்தக் கூப்பனிலும் எழுதியிருக்காது.

கோட்டைச் சீட்டு ஒன்றுதான் இந்தக் கதையில் எளிமையானது. இந்தியருக்கு 25 ரூபாய், 15 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு இலவசம். ராஜகிரியில் வாங்கியதையே சாலைக்கு எதிர்ப்புறம் கிருஷ்ணகிரியிலும் காட்டலாம், கசக்கி எறிந்துவிட வேண்டாம். வண்டி பேசித்தான் போவேன் என்பவர் முன்பணம் கொடுக்குமுன் ஒரே ஒரு கேள்வி கேட்டால் போதும்: ராஜகிரிக்கு எத்தனை மணி நேரம் விடுவீர்கள்? “மேல என்ன சார் இருக்கு, கீழயே நல்லாருக்கும்” என்று பதில் வந்தால் அடுத்த டிராவல்ஸுக்குப் போன் போடலாம்.