ஒரு மூச்சு போதும்!

கை கால்கள் அசையாத ஒருவர் செல்பேசியை இயக்க முடியுமா? முடியும். அதற்கான வழி, செல்பேசி தோன்றுவதற்கு வெகுகாலம் முன்பே ஒரு மருத்துவமனையில் பிறந்துவிட்டது.

இங்கிலாந்திலுள்ள ஸ்டோக் மாண்டவில் மருத்துவமனை, முதுகுத்தண்டில் காயமுற்றோருக்குச் சிகிச்சை அளிப்பதில் பெயர் பெற்றது. 1960களின் தொடக்கத்தில் ரெக் மாலிங் என்பவர் அங்குள்ள நோயாளிகளுக்காக ஒரு கருவியை அமைத்தார். கழுத்துக்குக் கீழே அசைவை இழந்தவருக்கும் மூச்சு இருக்கிறதல்லவா? வாயில் வைத்த குழாயை அவர் ஊதினாலோ உறிஞ்சினாலோ காற்றழுத்தம் மாறும். அந்த மாற்றம் ஒரு மின்சுவிட்சை இயக்கும். விளக்கு, அழைப்பு மணி, தொலைபேசி, தட்டச்சுப்பொறி எல்லாம் இவ்வாறு இயங்கின. கருவியின் பெயர் 'பொஸ்ஸம்'. லத்தீன் மொழியில் இதற்கு 'என்னால் முடியும்' என்று பொருள்.

ஒரே சுவிட்சால் பலவற்றுள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பது எப்படி? நாம் விரலைப் பொத்தானிடம் கொண்டு செல்கிறோம். இம்முறையில் பொத்தான்கள் நம்மிடம் வருகின்றன எனலாம். எழுத்துகளின் மீது ஓர் ஒளி வரிசையாக நகரும். வேண்டிய எழுத்துக்கு வந்ததும் சுவிட்சை இயக்க வேண்டும். 36 குறிகளை ஒவ்வொன்றாகக் கடந்தால், கடைசிக் குறியை அடைய 36 படிகள் ஆகும். அவற்றையே ஆறு ஆறாக ஆறு வரிசைகளில் அடுக்கி, முதலில் வரிசையையும் பிறகு குறியையும் தேர்ந்தால், அதிகபட்சம் 12 படிகளே ஆகும்.

1985இல் மூச்சுக்குழாயில் செய்த அறுவையால் குரலை இழந்த இயற்பியல் அறிஞர் ஸ்டீபன் ஹாக்கிங், இந்த முறையில்தான் கணிப்பொறி வழியே பேசினார். கைச்சுவிட்சைக் கொண்டு நிமிடத்துக்குச் சுமார் 15 சொற்களை அமைத்தார். பின்னாளில் கையும் ஓய்ந்தது. கன்னத் தசையின் அசைவே சுவிட்சாயிற்று. வேகம் நிமிடத்துக்கு ஓரிரு சொற்களாகக் குறைந்தது. ஆயினும் 2018இல் மறையும் வரை அவர் பேச்சை விடவில்லை.

2007இல் ஐபோன் வந்தபோது பொத்தான்களின் இடத்தைக் கண்ணாடித் திரை பிடித்தது. தட்டவும் இழுக்கவும் விரிக்கவும் நன்கு இயங்கும் விரல்கள் தேவைப்பட்டன. 2013இல் வெளியான ஐஓஎஸ் 7 மென்பொருளில் பழைய சுவிட்ச் முறை இடம்பெற்றது. ஆண்ட்ராய்டு போன்களும் பின்தொடர்ந்தன. திரையின் மீது ஒரு கட்டம் நகர, அதை ஒரு சுவிட்சால் நிறுத்தலாம். சுவிட்சை அழுத்த இயலாதவரின் தலையசைவைப் போனின் காமிராவே கண்டுகொள்ளும். தனிக் கருவி செய்த வேலையைக் கடையில் விற்கும் சாதாரணப் போனே செய்யத் தொடங்கியது.

ஆனால் காத்திருத்தல் மட்டும் மறையவில்லை. இத்தகைய ஒருவரின் பதில் தாமதமானால் சற்றுப் பொறுங்கள். அவருடைய அடுத்த எழுத்தை நோக்கி ஒளி நகர்ந்துகொண்டிருக்கலாம்!