நனைந்த பாயும் நாணிய நெஞ்சும்

புதுக்கோட்டைச் சீமையின் சிற்றூர் ஒன்றில், விடியற்காலையில் நாம் நடந்து செல்வதாக எண்ணிப் பார்ப்போம். வேலிமேல் கோரைப்பாய் ஒன்று காய்கிறது. பக்கத்து வீட்டார் பார்க்கின்றனர், பார்த்துச் சிரிக்கின்றனர். உள்ளே, பத்து வயதுச் சிறுவனோ, பருவம் எய்திய பெண்ணோ, தலை நிமிராமல் நிற்கக் காண்கிறோம். "இவ்வளவு வளர்ந்தும் பாயை நனைக்கிறாயே!" என்று தந்தை உறுமுகிறார். "நீ வளர்த்த இலட்சணம்!" என்று தாய்மீதும் ஒரு கணை பாய்கிறது. கரண்டியைக் காய்ச்சிச் சூடு வைத்தால் சரியாகும் என்கிறாள் பாட்டி. தாயத்துக் கட்டினால் தீரும் என்கிறார் பூசாரி.

அந்தப் பிள்ளை செய்த குற்றம்தான் யாது? உறங்கியது! உறங்கும்போது நிகழ்ந்ததற்கு விழித்தபின் தண்டனை! இஃது எந்த நாட்டு நீதி?

நெடுங்காலம் பல நாடுகளின் நீதியும் இதுவாகவே இருந்தது. எகிப்தியர் ஏறத்தாழ 3,500 ஆண்டுகளுக்கு முன் எழுதிய ஏபர்ஸ் மருத்துவச் சுவடியிலேயே இதற்கு மருந்து தேடியிருக்கின்றனர். ரோமாபுரியின் பெரும்புலவர் பிளினி, வேகவைத்த எலியை உணவில் சேர்த்துக் கொடுக்கச் சொன்னார். 16ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் குழந்தை மருத்துவ நூல் எழுதிய தாமஸ் பேயர், சேவலின் மூச்சுக்குழலைப் பொடியாக்கிப் புகட்டுமாறு எழுதினார். ஐரோப்பாவில் புனித வைட்டஸ் என்பாரை வேண்டிக்கொண்டு படுத்த பிள்ளைகளும் உண்டு. எலி தோற்றது, சேவல் தோற்றது, வேண்டுதலும் தோற்றது. தோல்விகளுக்கெல்லாம் பழியேற்றது பிள்ளையின் முதுகு!

நம் தமிழ் மருத்துவர்கள் சிறுநீரை அருவருத்து ஒதுக்கியவர் அல்லர். சிறுநீரின் நிறம் நோக்கி, அதில் எண்ணெய்த் துளி விட்டு, அது பரவும் வகை கண்டு நோய் கணிக்கும் முறையைத் தேரையர் பெயரால் வழங்கும் நீர்க்குறி, நெய்க்குறி நூல்கள் கூறுகின்றன. அக்கணிப்பு முழுதும் இன்றைய ஆய்வுக்கு நிற்குமா என்பது வேறு. உடலின் கழிவையும் கூச்சமின்றி உற்றுநோக்கிய கண் அவர்களுக்கு இருந்தது. அந்தக் கண்ணை மூடிவிட்டுக் கரண்டியைக் காய்ச்சக் கற்றுக்கொண்டோமே, அந்தோ!

அடியால் இது தீருமா? இந்தியாவின் மோதிகாரியில் 1903-இல் பிறந்து, பின்னர் உலகறிந்த எழுத்தாளரான ஜார்ஜ் ஆர்வெல் தம் கதையையே சான்றாக வைத்துள்ளார். எட்டு வயதில் இங்கிலாந்தின் விடுதிப் பள்ளியொன்றில் விடப்பட்ட அவர், படுக்கையை நனைத்ததற்காகப் பிரம்படி பட்டார். தான் விரும்பாதது, தன்னால் தடுக்க இயலாதது, அதுவும் பாவமாகும் ஓர் உலகில் தான் வாழ்வதாக அச்சிறுவன் உணர்ந்தான். அவர் மறைந்தபின் 1952-இல் அக்கட்டுரை வெளிவந்தது. வடு நெடுங்காலம் ஆறவில்லை!

அவர் அடிபடுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே அறிவு வழி காட்டத் தொடங்கியிருந்தது. 1904-இல் ஃபௌண்ட்லர் என்ற குழந்தை மருத்துவர், மருத்துவமனையில் பிள்ளையின் படுக்கை நனைந்ததும் செவிலியை அழைக்க ஒரு மின்மணியைப் பொருத்தினார். துணி மாற்றுவதற்கென அமைந்த மணி, பிள்ளைகளின் நனைத்தலையே குறைக்கக் கண்டு வியந்தார். 1938-இல் அமெரிக்க உளவியலாளரான மௌரர் இணையர் அதனை மருத்துவ முறையாகவே வளர்த்தனர். பிரம்பு செய்யாததை மணி செய்தது! இன்றும் அந்த மணி மருத்துவத்தில் முதன்மையான முறைகளுள் ஒன்று.

காரணம் என்ன? சிறுநீர்ப்பை நிறைந்த செய்தி, உறங்கும் மூளையை எழுப்பவில்லை. சிலருக்கு, இரவில் சிறுநீரைக் குறைக்கும் சுரப்புநீர் போதிய அளவு சுரப்பதில்லை; சிலருக்குச் சிறுநீர்ப்பை சிறிதளவே தாங்குகிறது. மலச்சிக்கலும் இதை மிகுவிக்கும். 7 வயதுப் பிள்ளைகளில் ஏறத்தாழ 100-க்கு 10 பேருக்கு இது உண்டு. ஆண்டுதோறும் அவர்களுள் பலர் தாமே விடுபடுகின்றனர். பதின்ம வயதிலும் 100-க்கு ஒருவர் இருவர் எஞ்சுகின்றனர். பெற்றோர் இருவருக்கும் இளமையில் இருந்திருப்பின், பிள்ளைகளில் நான்கில் மூவருக்கு வரக்கூடும். உறுமும் தந்தையே, உம் பழைய பாயைச் சற்று நினைத்துப் பாரும்!

பகலில் நன்றாக நீர் பருகுதல், மாலைக்குமேல் குறைத்தல், படுக்குமுன் சிறுநீர் கழித்தல், மலச்சிக்கலைத் தீர்த்தல் - இவை முதற்படி. அதற்கும் தீராவிடில் மணியும் மருந்தும் உண்டு. ஆறு மாதம் நனைக்காதிருந்த பிள்ளை மீண்டும் நனைத்தாலோ, பகலிலும் கசிந்தாலோ, எரிச்சலோ அடங்காத தாகமோ இருந்தாலோ, நீரிழிவும் நோய்த்தொற்றும் காரணமாகலாம். மருத்துவரிடமே செல்க.

இந்த மண்ணில் 1886-இல் பிறந்தவர் முத்துலட்சுமி ரெட்டி. மன்னர் கல்லூரியில் பெண் நுழைவதா என்ற எதிர்ப்பைத் தாண்டிப் படித்து, 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றார். 1927-இல் சென்னைச் சட்டசபை உறுப்பினராகி, பள்ளிப் பிள்ளைகளுக்கு முறையான மருத்துவச் சோதனை வேண்டும் என வாதாடினார். பிள்ளையின் உடலை அறிவின் கண்கொண்டு பார்க்க வேண்டும் என்பதே அதன் பொருள்.

ஏழை வீட்டுப் பிள்ளைக்கு மாணவர் விடுதியே உயர்கல்வியின் வாயில். "அங்கே பாய் நனைந்தால் என்ன செய்வேன்?" என்ற அச்சத்தால் ஒரு பிள்ளை அவ்வாயிலில் நின்று திரும்புமாயின், இழப்பு ஒரு பாயன்று, ஒரு வாழ்வு!

1991-இல் தொடங்கிய அறிவொளி இயக்கத்தில், இதே புதுக்கோட்டைப் பெண்கள் எழுத்தோடு மிதிவண்டியும் கற்றனர். ஊரார் சிரித்தனர், பெண்கள் மிதித்தனர், சிரிப்புத்தான் தோற்றது. தோழர்களே, வேலிமேல் காயும் பாயைக் கண்டு எழும் சிரிப்பையும் நாம் தோற்கடிப்போம். பாய் வெயிலில் உலரும். பிள்ளையின் கண்ணீரை அறிவுதான் உலர்த்த வேண்டும்.