ஷின்காவா சேரியில் ககாவா

1909 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள், ஜப்பானின் கோபே நகர இறையியல் மாணவர் டோயோஹிகோ ககாவா, 21 வயதில், ஷின்காவா சேரியில் குடியேறினார். அவர் அங்கே மதம் பரப்பியதைவிட, அந்தச் சேரி அவரை மாற்றியதே பெரிது என்பேன். நோயாளிகளைப் பராமரித்துப் பசித்தவருக்குச் சோறிட்டவர், தருமத்தால் மட்டும் வறுமை தீராது என்று அங்கேதான் கண்டார். 1921-இல் கோபே கப்பல்கட்டும் தொழிலாளர் வேலைநிறுத்தத்தில் முன்னின்று சிறைப்பட்டார். அதே ஆண்டு நுகர்வோர் கூட்டுறவு தொடங்கவும் துணைநின்றார். நினைத்தபோது வெளியேறக்கூடியவர் ஏற்ற வறுமை வறுமையாகுமா என்று கேட்பது நியாயம்தான்; 1914-இல் அவர் அமெரிக்காவுக்குப் படிக்கப் போகவும் முடிந்தது. ஆனால் 1917-இல் திரும்பி வந்தது அதே சேரிக்கு; அங்கே தொற்றிய கண்நோயும் அவரை வாழ்நாள் முழுதும் விடவில்லை. மறுக்க முடியாத குற்றச்சாட்டு வேறு: 1915-இல் வெளிவந்த தம் நூலில், ஒடுக்கப்பட்ட புராக்கு மக்களைப் பிறப்பாலேயே தாழ்ந்தவர்களாக எழுதினார். அவர்கள் பக்கத்தில் வாழ்ந்தும் அந்தப் பார்வை போகவில்லை. அவரைப் போற்றுவோர் இதையும் சேர்த்தே எழுத வேண்டும்.