மணிக்கு 25 சென்ட்

1947 நவம்பர் 8ஆம் தேதியிட்ட 'சாட்டர்டே ஈவினிங் போஸ்ட்' இதழின் அட்டைக்கு நார்மன் ராக்வெல் ஒரு பள்ளி மாணவியை வரைந்தார். அவள் மடியில் வீறிட்டு அழும் ஒரு கைக்குழந்தை. அது அவள் முடியைப் பிடித்து இழுக்கிறது. அவளோ பிள்ளையைச் சமாளிப்பது எப்படி என்று கையேட்டில் தேடிக்கொண்டிருக்கிறாள். குழந்தையின் அம்மா அப்பா படத்தில் இல்லை. அவர்கள் எங்கே என்று அன்றைய அமெரிக்க வாசகர் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். சினிமாவுக்கோ விருந்துக்கோ போயிருப்பார்கள். மாணவி பேபிசிட்டர், மணிக்கணக்கில் கூலி.

அந்தப் படம் வந்தபோது இந்தத் தொழிலுக்கு வயது அதிகமில்லை. சம்பளத்துக்குப் பிள்ளை பார்ப்பது பழைய சங்கதிதான். ஆனால் பக்கத்துத் தெருவில் குடியிருக்கும், பள்ளிக்கூடம் போகும் பெண் சனிக்கிழமை மாலை வந்து, நள்ளிரவில் காசு வாங்கிக்கொண்டு வீடு திரும்பும் ஏற்பாடு இருபதாம் நூற்றாண்டில் உருவானது. அதற்கு முன் இந்த வேலையைச் செய்த சிறுமிகள் பலருக்குக் கூலி கைக்கு வரவில்லை.

ஹாரியட் டப்மன் கதையை எடுத்துக்கொள்ளலாம். பிற்காலத்தில் எத்தனையோ அடிமைகளை வடக்கே தப்பவைத்தவர் என்று உலகம் அறிந்த அவர், 1820களின் தொடக்கத்தில் மேரிலாந்தில் அடிமையாகப் பிறந்தார். ஐந்தாறு வயதில் அவரை 'மிஸ் சூசன்' என்ற பெண்ணின் வீட்டுக்கு வாடகைக்கு அனுப்பினார் உடைமையாளர். இரவில் தொட்டில் ஆட்ட வேண்டும். குழந்தை விழித்து அழுதால் சவுக்கடி. ஒருநாள் காலைச் சாப்பாட்டுக்கு முன்பே ஐந்து முறை அடி வாங்கியதாக அவர் பின்னாளில் சொல்லியிருக்கிறார். கழுத்துத் தழும்புகள் கடைசிவரை மறையவில்லை. வாடகைப் பணம் உடைமையாளருக்குப் போனது. அதே மேரிலாந்தில் இன்றைய சட்டப்படி, எட்டு வயதுக்குட்பட்ட பிள்ளையை ஒருவர் பொறுப்பில் விட்டுப் போனால் அவருக்குக் குறைந்தது 13 வயது ஆகியிருக்க வேண்டும்.

அடிமை முறை ஒழிந்த பிறகும் தெற்கில் கறுப்பினச் சிறுமிகளே வெள்ளையர் வீட்டுக் குழந்தைகளைத் தூக்கிச் சுமந்தார்கள். வடக்கு நகரங்களில் அயர்லாந்திலிருந்து வந்த இளம்பெண்கள் வீட்டோடு தங்கி வேலை செய்தார்கள். வசதியில்லாத வீட்டில் மூத்த மகள் பார்த்துக்கொண்டாள். பிறகு ஆலையும் அலுவலகமும் கடையும் பெண்களை வேலைக்கு அழைத்தன. 1924ஆம் ஆண்டுக் குடியேற்றச் சட்டம் ஐரோப்பாவிலிருந்து வருவோரின் எண்ணிக்கையைக் கடுமையாகக் குறைத்தது. நடுத்தரக் குடும்பத்துக்கு வீட்டோடு வேலையாள் என்பது கைக்கு எட்டாமல் போனது.

அடுத்து வந்த பொருளாதாரப் பெருமந்தம் ஒரு விசித்திரமான வேலை செய்தது. பெரியவர்களுக்கே வேலை கிடைக்காத நாட்களில் பதின்வயதினரை யார் சேர்த்துக்கொள்வார்கள்? அதனால் அவர்கள் உயர்நிலைப் பள்ளியிலேயே தங்கிவிட்டார்கள். பள்ளி மாணவிக்குச் சினிமா, உதட்டுச்சாயம், நல்ல உடை என்று ஆசைகள் உண்டு, கையில் காசில்லை. இளம் தம்பதிக்கோ ஒரு மாலை வெளியே போக வேண்டும். ஆள் வைக்க வசதியில்லை. இரண்டு தேவைகளும் ஒரே தெருவில் இருந்தன.

1938இல் நியாயமான தொழில் தரச் சட்டம் வந்தது. அமெரிக்காவின் முதல் தேசிய குறைந்தபட்ச ஊதியமாக மணிக்கு 25 சென்ட்டை அது நிர்ணயித்தது. பல தொழில்களில் சிறுவர் உழைப்பையும் தடுத்தது. வீட்டு வேலைக்கு அந்தப் பாதுகாப்பு வரவில்லை. பத்து ஆண்டுகள் கழித்தும் பல ஊர்களில் பிள்ளை பார்க்கும் மாணவிக்குப் பேசப்பட்ட கூலி அதே 25 சென்ட்தான். சட்டப்படியான ஊதியம் 1945இல் 40 சென்ட்டாகவும் 1950இல் 75 சென்ட்டாகவும் ஏறியது. மாணவியின் கூலியை ஏற்ற எந்தச் சட்டமும் இல்லை. அவளே பேசித்தான் ஏற்ற வேண்டியிருந்தது.

பேசவும் செய்தாள். அதற்குக் கைகொடுத்தது இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய மக்கள்தொகைக் கணக்கு.

போரின்போது இந்தத் தொழில் கொஞ்சம் படுத்துவிட்டது. தாய்மார்கள் ஆலைகளுக்குப் போனார்கள், மாணவிகளும் கடைகளிலும் ஆலைகளிலும் நல்ல கூலிக்குச் சேர்ந்தார்கள்; பேபிசிட்டர் கிடைப்பது குதிரைக்கொம்பானது. அரசு லேன்ஹாம் சட்ட நிதியிலிருந்து பிள்ளைக் காப்பகங்கள் திறந்தது. ஓரிகன் மாகாணத்தின் போர்ட்லாந்தில் கைசர் கப்பல் கட்டும் தளங்கள் 1943இல் தொடங்கிய காப்பகங்கள் இரவுப் பணிக்காரர்களின் பிள்ளைகளையும் பார்த்துக்கொண்டன. வேலை முடிந்து பிள்ளையை அழைத்துப் போகும் அம்மா, சமைத்த சாப்பாட்டையும் அங்கேயே வாங்கிச் செல்லலாம். இப்படியொரு ஏற்பாட்டை இன்றைய பெருநிறுவனங்களிலும் தேடித்தான் பார்க்க வேண்டும். போர் முடிந்ததும் மத்திய அரசின் நிதி நின்றது. பெரும்பாலான காப்பகங்கள் மூடப்பட்டன.

அதே நேரத்தில் பிள்ளைகள் பிறந்துகொண்டே இருந்தன. 1946இல் மட்டும் 34 லட்சம். 1957இல் 43 லட்சம். போரிலிருந்து திரும்பியவர்கள் அரசு உத்தரவாதக் கடனில் புறநகர்களில் வீடு வாங்கினார்கள். நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் 1947 முதல் 1951 வரை லெவிட் நிறுவனம் 17,000க்கும் மேற்பட்ட வீடுகளைக் கட்டி லெவிட்டவுன் என்ற ஊரையே எழுப்பியது. (கறுப்பினத்தவருக்கு அங்கே வீடு இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும்.) குடியேறியவர்கள் கிட்டத்தட்ட எல்லோரும் ஒரே வயதுக்காரர்கள், கைக்குழந்தைக்காரர்கள். பாட்டி, அத்தை, சித்தி யாரும் கூப்பிடு தூரத்தில் இல்லை. அம்மாவுக்கு ஆறு மாதம், மாமியாருக்கு ஆறு மாதம் என்று விசா கணக்குப் போட்டு வரவழைக்கும் இன்றைய நியூ ஜெர்ஸி தமிழ்க் குடும்பங்களுக்கு இந்தச் சிக்கல் விளக்காமலே புரியும்.

தெருவெல்லாம் குழந்தைகள், ஆனால் பதின்வயதுப் பெண்கள் குறைவு. 1948இல் 15 வயதானவள் பிறந்தது 1933இல், மந்தத்தின் அடிமட்டத்தில். அந்த ஆண்டில் அமெரிக்காவில் பிறந்தவை சுமார் 23 லட்சம் குழந்தைகள்தான். பார்த்துக்கொள்ள வேண்டிய பிள்ளைகள் ஏராளம், பார்த்துக்கொள்ளும் கைகள் சொற்பம் என்றால் விலை யார் பக்கம் சாயும்?

மாணவிகள் அதை நன்றாகவே புரிந்துகொண்டார்கள். 'பேபிசிட்டர்: ஓர் அமெரிக்க வரலாறு' என்ற நூலை 2009இல் வெளியிட்ட வரலாற்றாசிரியர் மிரியம் ஃபோர்மன்-புருனெல், சில ஊர்களில் மாணவிகள் சங்கமே அமைத்ததைப் பதிவு செய்கிறார். அவர்களுடைய குறைகள் எளிமையானவை. பிள்ளை பார்க்கக் கூப்பிட்டுவிட்டு, கழுவுதொட்டியில் பாத்திரத்தைக் குவித்து வைத்துப் போகிறார்கள். பத்து மணிக்கு வருகிறேன் என்றவர்கள் ஒரு மணிக்கு வருகிறார்கள். பேசிய கூலியைத் தரும்போது சில்லறை இல்லை என்கிறார்கள். பெற்றோர் தரப்பிலும் புகார்கள் உண்டு: தொலைபேசியை விடுவதே இல்லை, குளிர்பெட்டியைக் காலி செய்கிறாள், காதலனை வரவழைக்கிறாள். அன்றைய பத்திரிகைகளில் இந்த மூன்று புகார்களும் ஓயாமல் வந்தன. பாத்திரக் குவியல் அவ்வளவாக வரவில்லை. எழுதியவர்கள் பெரியவர்கள்!

ஹாலிவுட்டும் சும்மா இருக்கவில்லை. 1948இல் வந்த 'சிட்டிங் பிரெட்டி' படத்தில் கிளிஃப்டன் வெப், தன்னை மேதை என்று சொல்லிக்கொள்ளும் நடுவயது ஆண் பேபிசிட்டராக வந்து, கஞ்சியை வீசி விளையாடும் குழந்தையின் தலையில் அதே கஞ்சிக் கிண்ணத்தைக் கவிழ்த்தார். அந்த வேடத்துக்காக அவர் ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டார்.

காசு கொடுக்க மனமில்லாத, அல்லது ஆள் கிடைக்காத பெற்றோர் வேறு வழி கண்டார்கள்: ஒருவர் பிள்ளையை ஒருவர் பார்த்துக்கொள்ளும் கூட்டுறவு. இவற்றில் வாஷிங்டனின் கேப்பிட்டல் ஹில் கூட்டுறவு பொருளாதாரப் பாடமாகவே ஆகிவிட்டது. சுமார் 150 தம்பதிகள் உறுப்பினர்கள். அரை மணி நேரத்துக்கு ஒரு சீட்டு. பிள்ளையைப் பார்த்தால் சீட்டு வரும், வெளியே போனால் சீட்டு போகும். பின்னால் தேவைப்படுமே என்று எல்லோரும் சீட்டைச் சேர்த்து வைத்தார்கள். யாரும் வெளியே போகவில்லை. வெளியே போகாததால் சீட்டு சம்பாதிக்கவும் வழியில்லை. வழக்கறிஞர்கள் நிறைந்த சங்கம் என்பதால் முதலில் தோன்றிய வைத்தியம் ஒரு விதி: ஆறு மாதத்துக்கு ஒருமுறையாவது கட்டாயம் வெளியே போக வேண்டும். கடைசியில் கூடுதல் சீட்டு அச்சிட்டுக் கொடுத்ததும் மந்தம் தீர்ந்தது. ஜோன் ஸ்வீனியும் ரிச்சர்ட் ஸ்வீனியும் 1977இல் இதை ஆய்வுக் கட்டுரையாக எழுத, பொருளாதார அறிஞர் பால் குரூக்மன் பல இடங்களில் எடுத்துச் சொல்லிப் பிரபலமாக்கினார்.

1960களில் இன்னொரு கதை மாணவிகள் மத்தியில் பரவியது. தனியாக இருக்கும் பேபிசிட்டருக்கு மிரட்டல் அழைப்புகள் வருகின்றன. விசாரித்தால் அவை அதே வீட்டின் மாடியிலிருந்து வருகின்றன. 1979இல் 'வென் எ ஸ்ட்ரேஞ்சர் கால்ஸ்' படம் இதையே தொடக்கக் காட்சியாக்கியது. அதற்கு முந்தைய ஆண்டு ஜான் கார்பென்டரின் 'ஹாலோவீன்' வந்திருந்தது. அதற்கு முதலில் யோசித்த தலைப்பே 'பேபிசிட்டர் கொலைகள்'தான். பெண்கள் வீட்டை விட்டு வெளியே வந்து சம்பாதிக்கும் காலத்தில், வேலைக்குப் போன பெண்ணுக்கு என்ன ஆகும் என்ற பயத்தைச் சினிமா காசாக்கியது என்று சொன்னால் தப்பில்லை.

நிஜமான வெட்டு 1974இல், சத்தமில்லாமல் விழுந்தது. அந்த ஆண்டுத் திருத்தம் வீட்டுப் பணியாளர்களைக் கடைசியில் குறைந்தபட்ச ஊதியச் சட்டத்துக்குள் கொண்டுவந்தது. 36 ஆண்டுக் காத்திருப்பு அது. சமையல் செய்பவர், வீடு பெருக்குபவர் எல்லோருக்கும் பாதுகாப்பு கிடைத்தது. ஆனால் எப்போதாவது பேபிசிட்டிங் செய்பவருக்குப் பெயர் சொல்லி விலக்கு எழுதினார்கள். ஊதியம் மணிக்கு இரண்டு டாலராக உயர்ந்த அந்த மே மாதத்தில் மாணவிக்கு எதுவும் மாறவில்லை.

அவளைத் தொழில்முனைவோராகப் பார்த்தது ஒரு கதைப் புத்தகம். 1986இல் ஸ்காலஸ்டிக் பதிப்பகம் வெளியிட்ட ஆன் எம். மார்ட்டினின் 'பேபி-சிட்டர்ஸ் கிளப்' வரிசையின் முதல் நூலில், கிறிஸ்டி என்ற 12 வயதுப் பெண், தன் அம்மா ஆள் தேடி ஒவ்வொரு எண்ணாகச் சுழற்றுவதைப் பார்க்கிறாள். ஒரே எண்ணை அழைத்தால் நாலு பேர் கிடைத்தால் எப்படி இருக்கும்? திங்கள், புதன், வெள்ளி மாலை ஐந்தரை முதல் ஆறு வரை கூட்டம். தனித் தொலைபேசி வைத்திருக்கும் கிளாடியாவின் அறையே அலுவலகம். பொருளாளர் உண்டு, சந்தா உண்டு, எந்த வீட்டில் என்ன நடந்தது என்று எழுதும் குறிப்பேடு உண்டு. வாடிக்கையாளரின் அவதியிலிருந்து தொழிலை யோசிக்கும் இந்தப் பாடத்தை மேலாண்மைப் படிப்புகள் இவ்வளவு சுருக்கமாகச் சொல்லிக்கொடுப்பதில்லை. புத்தகங்கள் கோடிக்கணக்கில் விற்றன.

ஆனால் புத்தகம் விற்ற காலத்திலேயே நிஜத் தொழில் தேய ஆரம்பித்தது. துரித உணவுக் கடை மாணவிக்குச் சட்டப்படியான கூலி தந்தது. பள்ளி முடிந்தபின் விளையாட்டு, இசை, கல்லூரிக்கான தயாரிப்பு என்று மாலைகள் நிரம்பின. 2006இல் தொடங்கிய கேர்.காம் போன்ற தளங்கள் தேடுவதை எளிதாக்கின. பதிவு செய்ய 18 வயது ஆகியிருக்க வேண்டும் என்பதால் 14 வயதுப் பெண்ணுக்கு அங்கே இடமில்லை. செஞ்சிலுவைச் சங்கமோ 11 முதல் 15 வயதினருக்கு முதலுதவி முதல் டயபர் மாற்றுவது வரை கற்றுத்தரும் பேபிசிட்டர் பயிற்சியை நடத்திவருகிறது.

பயிற்சி முடித்துச் சுயதொழிலாக இதைத் தொடங்கும் மாணவி, செலவு போக ஆண்டுக்கு 400 டாலர் ஈட்டினால், வயது என்னவானாலும் வருமான வரிக் கணக்கு தாக்கல் செய்ய வேண்டும். வரித்துறையின் பார்வையில் அவள் செய்வது தொழில். தேசிய ஊதியச் சட்டத்தின் பார்வையில், 1974இல் எழுதிய விலக்கு இன்றும் அப்படியே இருக்கிறது.