கணக்கில் வராத வேலைகள்: லாட்ரோப் பள்ளத்தாக்கில் பள்ளி முடித்தோரும் மின்வாரியமும், 1989–2017

மெல்பனுக்குக் கிழக்கே ஏறத்தாழ 150 கிலோமீட்டரில் இருக்கும் லாட்ரோப் பள்ளத்தாக்கின் வேலையிழப்பை ஆராய்வோர் ஆஸ்திரேலிய உற்பத்தித்திறன் ஆணையத்தின் 1999ஆம் ஆண்டு அறிக்கையைத் தவிர்க்க முடியாது. போட்டிக் கொள்கைச் சீர்திருத்தங்கள் கிராமங்களையும் வட்டார நகரங்களையும் எப்படிப் பாதித்தன என்பதே அதன் பொருள். நகரங்களின் நலிவுக்கு அந்தக் கொள்கையின் மீது மிகையாகப் பழி போடப்படுகிறது, விளைபொருள் விலை வீழ்ச்சி, தொழில்நுட்ப மாற்றம், மாறும் நுகர்வுப் பழக்கம் ஆகிய நெடுங்கால விசைகளே முதன்மைக் காரணம் என்று ஆணையம் வாதிட்டது. கோதுமையையும் கம்பளியையும் நம்பிய ஊர்களுக்கு இது பெரிதும் பொருந்தும். பள்ளத்தாக்கின் நகரங்களான மோர்வெலுக்கும் மோவுக்கும் பொருந்தாது. அதைவிடப் பெரிய குறை, பள்ளி முடித்து முதல் வேலை தேடியவர்களுக்கு அந்த வாசிப்பில் இடமே இல்லாமல் போனது.

அறிக்கையின் மாதிரிக் கணக்கில் ஒரு வரி கூர்ந்து பார்க்கத் தக்கது. நாட்டை 57 வட்டாரங்களாகப் பிரித்துச் சீர்திருத்தங்களின் விளைவை மதிப்பிட்டபோது, உற்பத்தியே குறையும் என்று வந்தது ஒரே ஒரு வட்டாரத்துக்குத்தான்: இப்பள்ளத்தாக்கை உள்ளடக்கிய கிப்ஸ்லாந்து. அதைப் புறநடையாக ஒதுக்கிவிட்டு மற்ற 56ஐப் பேசுவது வழக்கமாகிவிட்டது. நான் அந்த ஒன்றையே மையச் சான்றாகக் கொள்கிறேன். அங்கே எந்த நெடுங்கால விசை வேலை செய்தது? மின்சாரத் தேவை குறையவில்லை, பழுப்பு நிலக்கரி தீரவில்லை, ஆலைகள் ஓடிக்கொண்டிருந்தன. ஆட்கள்தான் குறைந்தார்கள். எஸ்.இ.சி. என்று எல்லோரும் அழைத்த மாநில மின்வாரியத்தில், 1980களின் இறுதியில் பள்ளத்தாக்கில் மட்டும் பத்தாயிரம் பேருக்கு மேல் வேலை பார்த்தனர். 1990களின் நடுவில் அது நாலாயிரத்தை ஒட்டிச் சுருங்கிவிட்டது. பள்ளத்தாக்கின் மின்நிலையங்களில் யலூர்னும் ஹேசல்வுட்டும் விற்கப்பட்டது 1996இல், லாய் யாங் ஏ 1997இல். ஆட்குறைப்பு விற்பனைக்கு முந்தியது. அது தொழிற்கட்சி ஆட்சியிலேயே 1989 வாக்கில் தொடங்கி, 1992 அக்டோபரில் வந்த மாநில முதல்வர் கென்னட்டின் ஆட்சியில் வேகம் பிடித்தது.

தேசியப் போட்டிக் கொள்கை உடன்படிக்கை கையெழுத்தானதே 1995 ஏப்ரலில்தானே, முந்தைய இழப்பை அதன் தலையில் கட்டலாமா என்று கேட்கலாம். தேதி சரி. ஆனால் 1995இல் கோடு போட்டால் ஒரே நிகழ்வு இரண்டாக வெட்டுப்படுகிறது. முன்பாதி ‘நிர்வாகச் சீரமைப்பு’, பின்பாதி ‘போட்டிக் கொள்கை’ என்று பெயர் மாறுகிறது. வெளியேறியவரின் வீட்டுக்கு இரண்டும் ஒன்றே.

வாரியத்தில் தேவைக்கு மேல் ஆட்கள் இருந்தார்கள் என்ற வாதத்தையும் மறுக்கவில்லை. ஆனால் அது மூத்தவர்களுக்கு விலகல் தொகை கொடுத்து அனுப்பியதற்கு விளக்கமாகுமே தவிர, பதினாறு வயதில் உள்ளே வரும் வாசலை அடைத்ததற்கு ஆகாது. நெய்வேலியை அறிந்தவர்களுக்கு அந்த வாசலின் பொருள் புரியும். சுரங்கமும் அனல்மின் நிலையமும் இருக்கிற ஊரில், அப்ரண்டிஸாகச் சேர்வது ஒரு குடும்பத்தின் முழு எதிர்காலத் திட்டம். பொதுத்துறை மின்நிறுவனங்கள் சொந்தத் தேவைக்கு மேலாகவே ஃபிட்டர்களையும் எலெக்ட்ரிஷியன்களையும் பயிற்றுவித்தன. பயின்றவர்கள் தனியார் பட்டறைகளுக்கும் போனார்கள். தனியார்மயம் நாடு முழுவதும் அப்ரண்டிஸ் பயிற்சியைக் குறைத்ததை ஃபிலிப் டோனர் ஆராய்ந்திருக்கிறார். ஒரு நிறுவனத்தின் கணக்கில் வீண்செலவாகத் தெரிந்தது வட்டாரத்துக்கே தொழில் கற்றுத்தந்த செலவு.

வாசல் எந்த ஆண்டு அடைபட்டது என்று ஒரே தேதி குறிக்க முடியாது. 1989க்கும் 1995க்கும் இடைப்பட்ட காலம் என்று கொள்வதே நேர்மை. சான்று இங்கே மெலிவதற்குக் காரணம் உண்டு. வேலையை விட்டவருக்குக் கோப்பு இருக்கும், சேர்க்கப்படாதவருக்கு இருக்காது. மெல்பனுக்கு ரயிலேறிய பதினெட்டு வயதுக்காரர் அடுத்த மக்கள்தொகைக் கணக்கில் மெல்பன்வாசி. பள்ளியிலேயே தங்கி, வேலை தேடாதிருப்பவர் வேலையற்றோர் கணக்கில் சேரமாட்டார். நாடளவில் 12ஆம் வகுப்பு வரை நீடித்தோர் 1982இல் 36 விழுக்காடு, 1992இல் 77. இளைஞர்கள் விரும்பிப் படித்தார்கள் என்பதற்கு இதைச் சான்றாகக் காட்டுவார்கள். ஓரளவு உண்மை. ஆனால் 1988 ஜனவரியிலேயே 18 வயதுக்குட்பட்டோருக்கான வேலையற்றோர் உதவித்தொகை நிறுத்தப்பட்டு, பெற்றோர் வருமானத்தைப் பார்த்துத் தரும் சிறுபடியாக மாறியிருந்தது. வேலையும் இல்லை, படியும் இல்லை என்ற நிலையில் வகுப்பறையில் நீடித்ததை விருப்பம் என்று மட்டும் எழுதுவது நியாயமாகாது.

இந்த வாசிப்புக்கு 2017 வலுவூட்டுகிறது. ஹேசல்வுட்டை மூடுவதாக 2016 நவம்பரில் என்ஜி நிறுவனம் அறிவித்தது. அடுத்த மார்ச் இறுதியில் அது நின்றபோது ஒப்பந்தத் தொழிலாளர் உட்பட ஏறத்தாழ 750 பேர் வேலையிழந்தனர். முந்தைய தலைமுறையைக் கைவிட்டது போல இம்முறை விடவில்லை. மாநில அரசு லாட்ரோப் பள்ளத்தாக்கு ஆணையத்தை அமைத்து, தொழிலாளர் இடமாற்றத் திட்டம் கொண்டுவந்தது. அண்டை மின்நிலையங்களில் மூத்தவர்கள் முன்கூட்டியே ஓய்வுபெற, அவ்விடங்களுக்கு ஹேசல்வுட் தொழிலாளர்கள் போனார்கள். மனிதநேயமிக்க ஏற்பாடு அது, அதைக் குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆயினும் அதன் இயக்கத்தைக் கவனிக்க வேண்டும். ஒருவர் ஓய்வுபெற்றால் கீழிருந்து ஒவ்வொருவராக மேலேறி, கடைசியில் காலியாவது இளைஞருக்கான இடம். இத்திட்டத்தில் அந்தச் சங்கிலி நடுவிலேயே நிரம்பிவிட்டது. வேலையிழப்பைத் தணித்த அதே கை நுழைவு இடங்களையும் எடுத்துக்கொண்டது. யலூர்ன் நிலையம் 2028இலும் லாய் யாங் ஏ 2035இலும் மூடப்படவிருக்கின்றன. அப்போதைய கணக்கில் விலக்கப்பட்டோர் பட்டியலுக்குப் பக்கத்திலேயே, ஒவ்வோர் ஆண்டும் எத்தனை அப்ரண்டிஸ்கள் சேர்க்கப்பட்டார்கள் என்ற பத்தியும் இடம்பெற வேண்டும்.