அக்ரோமெகலி

கிரேக்கத்தில் 'அக்ரோன்' என்றால் நுனி. 'மெகாஸ்' என்றால் பெரியது. கை, கால், தாடை பெருத்துப்போகும் நோய்க்கு 1886-இல் பிரெஞ்சு மருத்துவர் பியர் மரி இட்ட பெயர். காரணம் பெரும்பாலும் மூளையடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பியில் வளரும் கட்டி. இவ்வகைக் கட்டிகளில் ஏறத்தாழ 40 சதவீதத்தில் ஜிஎன்ஏஎஸ் மரபணு பிறழ்ந்திருக்கிறது. வளர்ச்சி ஹார்மோனைச் சுரக்கச் சொல்லும் கட்டளை அதனால் ஓய்வதேயில்லை. பொதுவாக இப்பிறழ்வு கட்டியோடு நின்றுவிடும், பிள்ளைகளுக்குப் போகாது. இத்தகைய கட்டிக்கு வழிவகுக்கும் ஏஐபி மரபணுக் கோளாறோ குடும்பவழி வருவது. 1783-இல் 22 வயதில் இறந்த 'அயர்லாந்து ராட்சதர்' சார்லஸ் பைர்னின் பல்லிலிருந்து எடுத்த டிஎன்ஏவில் அது இருந்ததை 2011-இல் அறிவித்தார்கள். கடலில் அடக்கம் வேண்டியவர் அவர். எலும்புக்கூட்டை லண்டனில் காட்சிக்கு வைத்தார்கள். காட்சியிலிருந்து அகற்றியது 2023-இல், மிகமிகத் தாமதமாக.